தாய்லாந்துக் கிராமத்தில் நாலு மாதம் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 25 வயது. வருகிற மே மாதம் வடகிழக்குத் தாய்லாந்தில், ரோய் எட் மாகாணத்தில் ஒரு கிராமப் பள்ளிக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தன்னார்வலராகப் போகிறேன். நாலு மாதம். ஒரு விவசாயக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்கப்போகிறேன். மீன், கறி சாப்பிட மாட்டேன், முட்டை சாப்பிடுவேன். அம்மா பயப்படுகிறார். சாப்பாடு, குளியல், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, என்ன எடுத்துப்போவது, அவர்கள் மனம் கோணாமல் எப்படி நடந்துகொள்வது – உங்கள் அனுபவத்தில் இருந்து எழுத முடியுமா?

ச., கோவில்பட்டி

அன்புள்ள ச.,

உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். மற்ற பல கேள்விகளுக்கும் பதில் அதில்தான் இருக்கிறது.

2012இல் யசோதோன் மாகாணத்தில் நான் தங்கிய வீட்டில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் இருந்தார். தாய்வழிப் பாட்டியை அங்கே ‘யாய்’ என்பார்கள். (நம் பழந்தமிழில் யாய் என்றால் அம்மா. இரண்டுக்கும் உறவு உண்டு என்று சொல்ல வரவில்லை. கூப்பிடும்போது எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது, அவ்வளவுதான்.) போன முதல் நாளே, நான் மீன் சாப்பிட மாட்டேன், மீன் சாறு ஊற்றாமல் சமைக்க முடியுமா என்று கேட்டேன். ‘டாய், டாய்’ என்று சிரித்தார். முடியும் என்று அர்த்தம். எனக்குப் பெரிய நிம்மதி.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் விடிகாலை நாலரை மணிக்கு விழிப்பு வந்து கீழே இறங்கிப் போனேன். யாய் அடுப்படியில் குந்தியிருந்தார். இரண்டு கரியடுப்புகள். ஒன்றில் வீட்டுக்கான குழம்பு, இன்னொன்றில் எனக்கானது. மீன் பட்ட கரண்டி என் சட்டியில் படக்கூடாது என்று தனியாக ஒரு கரண்டி வைத்திருந்தார். மாறிவிடாமல் இருக்க அதன் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. வழக்கமாக ஐந்தரைக்கு எழுகிறவர், நான் வந்ததில் இருந்து ஒரு மணி நேரம் முன்னாலேயே எழுகிறார் என்பது பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. யாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை, முகத்திலும் காட்டவில்லை.

இதற்கு அங்கே ஒரு சொல் உண்டு: ‘கிரெங் ஜாய்’. அடுத்தவருக்குத் தொந்தரவு தரக்கூடாது, அவர் முகம் வாடக்கூடாது என்று தன் சிரமத்தை விழுங்கிக்கொள்வது. விருந்தாளி வந்த அன்று ‘எனக்குப் பசிக்கலை’ என்று சொல்லிவிட்டுக் கடைசியில் மிச்சத்தைச் சாப்பிடும் நம் அம்மாக்களை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். உங்களிடம் யாரும் ‘முடியாது’ என்று சொல்ல மாட்டார்கள். அதனால் ‘முடியுமா?’ என்று கேட்பதை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பேச்சை மாற்றினால், வெறுமனே சிரித்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் பள்ளியில் நெருங்கிப் பழகும் டீச்சரிடம் தனியாக விசாரியுங்கள். வீட்டுக்காரர் உங்களிடம் நேராகச் சொல்ல முடியாததை அந்த டீச்சர் சொல்லிவிடுவார்.

சாப்பாட்டுக்கு நான் கண்ட வழி இதுதான். அந்த விடிகாலைக்குப் பிறகு, இரவுச் சமையலில் ஒன்று என் பொறுப்பு என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். புளி, தக்காளி, பூண்டு, மிளகாய், மல்லித்தழை எல்லாம் அங்கே சந்தையில் தாராளம். பாசிப்பருப்பும் கிடைக்கும். ரசப்பொடியும் பெருங்காயமும் மட்டும் எடுத்துப்போங்கள். யாய்க்கு ரசம் பிடித்துப்போய், ஒட்டும் அரிசிச் சோற்றைத் தொட்டுச் சாப்பிடுவார். வெளியே சாப்பிடும்போது ‘கின் ஜே’ என்று சொன்னால் முழுச் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் அதில் முட்டை, பால், பூண்டு, வெங்காயமும் கிடையாது. உங்களுக்கு ‘மங்சவிரட்’ என்ற சொல்தான் பொருந்தும். பப்பாளிக்காயை இடித்துச் செய்யும் ‘சோம் தாம்’ சாலட் கேட்டால் மீன் சாறு, காய்ந்த இறால், பிளா ரா என்கிற புளித்த மீன் மூன்றும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். இதைப் படிக்கும் மீன் பிரியர்களுக்கும் ஒன்று: ‘கோய் பிளா’ என்று பச்சை ஆற்றுமீனைப் பிசைந்து தருவார்கள். அதைத் தொடவே வேண்டாம். அதில் இருக்கும் கல்லீரல் புழுவால்தான் உலகிலேயே பித்தநாளப் புற்றுநோய் மிக அதிகமாக இருக்கும் பகுதியாக வடகிழக்குத் தாய்லாந்து இருக்கிறது. அன்போடுதான் தருவார்கள். வயிற்றைக் காட்டி, ஒத்துக்காது என்று சொன்னால் போதும்.

கையால் சாப்பிடுவது நமக்குத் தெரியும்தானே என்று நினைப்போம். அங்கேதான் நான் தப்பு செய்தேன். மூங்கில் கூடையில் வரும் ஒட்டும் அரிசிச் சோற்றைத்தான் கையால் சாப்பிடுவார்கள். சின்னதாகக் கிள்ளி, விரல் நுனியில் உருட்டி, தொட்டுக்கொள்வது. உள்ளங்கை அழுக்காகாது. சாதாரணச் சோற்றுக்கு வலது கையில் ஸ்பூன், இடது கையில் முள்கரண்டி. அதைக் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் எல்லாரும் பார்ப்பார்கள், யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். மறுபடியும் அதே கிரெங் ஜாய்.

குளியல் பற்றி அம்மாவிடம் தைரியமாகச் சொல்லுங்கள். குந்தும் கழிப்பறை, தொட்டித் தண்ணீர், மொண்டு ஊற்ற ஒரு கிண்ணம். ஐரோப்பாவில் இருந்து வரும் தன்னார்வலர்கள் திணறும் இடத்தில் நமக்கு ஒரு சிரமமும் இல்லை. குளியலறை வீட்டுக்கு வெளியே இருந்தால் பெண்கள் பாவாடையை மார்புக்கு மேல் கட்டிக்கொண்டு போய்வருவார்கள். நம் ஆற்றங்கரைக் குளியல் மாதிரியே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். முற்றத்தில் ஆளுயரச் சிமெண்ட் ஜாடிகள் வரிசையாக நிற்கும். சிலவற்றில் இருப்பது குடிக்கப் பிடித்த மழைத்தண்ணீர். எது எதற்கு என்று கேட்காமல் கிண்ணத்தை விடாதீர்கள். குடிக்க முதலில் கேன் தண்ணீரே போதும்.

அந்த ஜாடிகளில்தான் டெங்குக் கொசுவும் வளரும். நீங்கள் போவது மழைக்காலம். ‘ஓ ஸோ மோ’ என்று கூப்பிடப்படும் ஊர்ச் சுகாதாரத் தன்னார்வலர்கள் நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். வீடு வீடாக வந்து டார்ச் அடித்துப் புழு பார்த்து, தண்ணீரில் மருந்து மணல் போடுவார்கள். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே உங்கள் தெருவின் ஓ ஸோ மோ யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும். டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபன் வேண்டாம். அந்த ஓ ஸோ மோ உங்களை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார். அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 1669. வெறிநாய்க்கடித் தடுப்பூசியை இங்கேயே போட்டுக்கொண்டு போங்கள். கிராமத்தில் நாய்கள் அதிகம். நாற்று நட வயலில் இறங்க ஆசையாகத்தான் இருக்கும், இறங்குங்கள். காலில் புண் இருந்தால் மட்டும் வேண்டாம், எலிக்காய்ச்சல் உண்டு. பைக்கில் பின்னால் உட்காரச் சொன்னால் ஹெல்மெட் கேளுங்கள். இதில் கூச்சமே படாதீர்கள்.

காகிதங்கள்: சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளமில்லாமல் கற்பித்தாலும் அங்கே அது வேலைதான். சரியான விசாவும் வேலை அனுமதியும் பள்ளி வழியாக வாங்குங்கள். 90 நாள் தாண்டும்போது குடிவரவு அலுவலகத்தில் முகவரி தெரிவிக்க வேண்டும். அரச குடும்பத்தைப் பற்றி விளையாட்டாகக்கூடப் பேச வேண்டாம், சட்டப்பிரிவு 112இல் 15 ஆண்டு வரை சிறை.

அப்புறம், ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை பள்ளியில் ‘வாய் க்ரூ’ நடக்கும். க்ரூ என்பது நம் குருதான். பிள்ளைகள் தாம்பாளத்தில் அருகம்புல், கத்தரிப்பூ, இட்லிப்பூ வைத்துக்கொண்டு வருவார்கள். அருகம்புல் போலப் படிப்பு பரவ வேண்டும், கத்தரிப்பூ போலத் தலை குனிந்திருக்க வேண்டும், இட்லிப்பூ மொட்டு போல அறிவு கூர்மையாக வேண்டும் என்பது கணக்கு. என் முன்னால் வந்த ஒரு சின்னப் பெண் புல்லை வேரோடு பிடுங்கி வந்திருந்தாள், ஈரமண் அப்படியே ஒட்டியிருந்தது. முட்டி போட்டுத் தரையில் விழுந்து வணங்குவார்கள். ‘ஐயோ வேண்டாம்’ என்று எழுந்துவிடாதீர்கள். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளுங்கள். தூக்கம் வராத இரவுகளில் நான் இன்னும் நினைத்துக்கொள்வது அந்த மண்ணைத்தான். பிள்ளைகள் தலையில் கை வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். அங்கே தலை புனிதம். யாரை நோக்கியும் பாதம் நீட்டாதீர்கள், பிக்குகளைத் தொடாதீர்கள்.

பணத்தைத் தினம் தினம் நீட்டினால் சங்கடப்படுவார்கள். எவ்வளவு என்று டீச்சரிடம் கேட்டு, மாதம் ஒரு தடவை உறையில் போட்டு இரண்டு கையாலும் கொடுங்கள். சந்தைக்குப் போனால் முட்டை, எண்ணெய், பழம் ஏதாவது வாங்கி வந்து சத்தமில்லாமல் அடுப்படியில் வையுங்கள். உங்கள் ஊர்க் கடலை மிட்டாய் நிறைய எடுத்துப்போங்கள். அவர்களிடமும் அதே போல ஒன்று உண்டு, பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும்.

கிளம்பும் அன்று ஊர்ப் பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்து உங்கள் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று, கை நிறைய இருக்கும். குறைந்தது மூன்று நாள் கழற்றக்கூடாது. கழற்றும்போது கத்தரியால் வெட்டாமல் முடிச்சை அவிழ்க்க வேண்டும். யாய் கட்டிய முடிச்சு இறுகிப்போயிருந்தது, அவிழ்க்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனது.