சிராக்யூஸ் அரங்கத்திலிருந்து: இளம் ஹாக்கி ஃபார்வர்ட் எப்படித் தேறுகிறான்? கேள்வி பதில்

நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸுக்குக் குடிவந்த முதல் குளிர்காலத்தில், பனிக்குப் பயந்து வீட்டிலேயே அடைந்து கிடக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை வார் மெமோரியல் அரங்கத்துக்குப் போனேன். 1951இல் திறந்த பழைய கட்டடம். ஸ்கேட் ஐஸைக் கீறும் சத்தம் மேல் வரிசை வரை தெளிவாகக் கேட்கும். அன்றிலிருந்து சிராக்யூஸ் க்ரஞ்ச் என்ற ஐஸ் ஹாக்கி அணியின் ஆட்டங்களை விடாமல் பார்த்து வருகிறேன். இளம் ஃபார்வர்ட்கள் (கோல் அடிக்க முன்னால் ஆடுபவர்கள்) பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி (சென்னை, ஐஸ் ஹாக்கிக்குப் புதியவர்): டிராஃப்ட்டில் (அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) எடுத்த பையனை நேராக முதல்நிலை லீக்கான என்எச்எல்லில் ஆட விடாமல், அதற்கு ஒரு படி கீழே உள்ள ஏஎச்எல்லுக்கு ஏன் அனுப்புகிறார்கள்?

டிராஃப்ட்டின்போது பையனுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும். அதுவரை தன் வயதுப் பையன்களோடு ஆடியவன், அடுத்து முப்பது வயது ஆட்களோடு தோள் இடிக்க வேண்டும். ஏஎச்எல் அதற்கான இடம். 32 அணிகள், ஒவ்வொன்றும் ஓர் என்எச்எல் அணியோடு இணைந்தது. சிராக்யூஸ் டாம்பா பே லைட்னிங்கின் அணி. சீசனுக்கு 72 ஆட்டங்கள். இன்று என்எச்எல்லில் ஆடுபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இந்த லீக் வழியாக வந்தவர்கள்தான். ஓர் ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில் குறைந்தது 13 பேர் வளரும் நிலையில் உள்ளவர்களாக இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மூத்தவர்களை மட்டும் வைத்துக் கோப்பை அடிக்க முடியாது.

கேள்வி (நியூ ஜெர்சி): கார்ட்டர் வெர்ஹேகி சிராக்யூஸில் புள்ளிப் பட்டியலில் முதலிடம் வந்தவர். அப்படிப்பட்டவரை டாம்பாவே ஏன் கைவிட்டது? நீங்கள் நேரில் பார்த்தவர் என்பதால் கேட்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். வெர்ஹேகியை 2013இல் 82ஆவது ஆளாக எடுத்தது டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ். அவர்களுக்காக ஒரு என்எச்எல் ஆட்டம்கூட ஆடாமல், 2015இல் பல பேர் கைமாறிய ஒரு பேரத்தில் நியூயார்க் ஐலண்டர்ஸுக்குப் போனார். அவர்கள் தங்கள் ஏஎச்எல் அணியான பிரிட்ஜ்போர்ட்டில் ஆடவிட்டார்கள். இன்னும் ஒரு படி கீழே, ஈசிஎச்எல்லில் மிசூரி மேவரிக்ஸுக்கும் அனுப்பினார்கள். 2017 கோடையில் ஒரு கோல்கீப்பருக்குப் பதிலாக டாம்பாவுக்கு வந்தார். அப்போது ஊரில் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

முதல் வருடம் 58 ஆட்டங்களில் 48 புள்ளி (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய அசிஸ்ட்டுக்கு ஒன்று). இரண்டாம் வருடம், 2018-19இல், 76 ஆட்டங்களில் 34 கோல், 48 அசிஸ்ட், மொத்தம் 82. லீக்கிலேயே முதலிடம். அந்த வருடம் என் கண்ணில் பட்டது கோல்கள் மட்டும் அல்ல. முந்தைய வருடம் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) தொலைத்தால் ஒரு நொடி நின்று பார்ப்பார். இரண்டாம் வருடம் தொலைத்த அதே மூச்சில் திரும்பித் துரத்துவார். எதிரணி நிமிர்வதற்குள் ஸ்டிக் அங்கே இருக்கும். அவருடைய பல கோல்கள் அப்படிப் பறித்த பக்கிலிருந்தே வந்தன.

அடுத்த சீசனில் 24 வயதில் என்எச்எல்லில் கால் வைத்தார். டாம்பாவில் 52 ஆட்டங்கள், 9 கோல், என்எச்எல்லின் 2020 ஸ்டான்லி கோப்பையும் கிடைத்தது. ஆனால் அங்கே முன்வரிசையில் குசெரோவ், பாயின்ட், ஸ்டாம்கோஸ். இடமும் இல்லை, சம்பள வரம்புக்குள் பணமும் இல்லை. விட்டுவிட்டார்கள். ஃப்ளோரிடா பாந்தர்ஸ் வருடத்துக்கு பத்து லட்சம் டாலருக்கு எடுத்து, தன் அணித் தலைவர் பார்கோவ் பக்கத்தில் நிறுத்தியது. முதல் சீசனில் 43 ஆட்டங்களில் 36 புள்ளி. 2022-23இல் 42 கோல். அந்த வசந்தத்தில்தான் 65 ஆட்டங்கள் வென்று சாதனை படைத்திருந்த பாஸ்டனை, ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் இவர் அடித்த கோல் வீட்டுக்கு அனுப்பியது. பிறகு 2024, 2025 கோப்பைகள். டாம்பா தவறு செய்தது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் வளர்த்தார்கள், இடம் இன்னொரு ஊரில் இருந்தது.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவர்): அண்ணா, கோல், அசிஸ்ட் கணக்கைத் தவிர ஒரு இளம் ஃபார்வர்டிடம் என்ன பார்ப்பீர்கள்?

தம்பி, அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது பக்கை விட்டுவிட்டு, சொந்தப் பக்கம் பலகையோரம் நிற்கும் விங்கரை (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டை) மட்டும் பார். டிஃபென்ஸ்மேன் பலகையை ஒட்டி பக்கைச் சுற்றி அனுப்புவான். அது அதிர்ந்துகொண்டே வரும். எதிரணி டிஃபென்ஸ்மேன் ஒருவன் மேலிருந்து முழு வேகத்தில் இடிக்க இறங்குவான். விங்கர் முதுகைக் காட்டி நிற்க வேண்டும், அடி வரும் என்று தெரிந்தே நிற்க வேண்டும், அந்த பக்கைத் தன் சென்டருக்கு (நடுவில் ஆடும் ஃபார்வர்டுக்கு) தட்டிவிட வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள். ஜூனியர் லீக்கில் ஐம்பது கோல் அடித்த பையன்கள் இங்கே வந்து முதல் இரண்டு மாதம் இதில்தான் தடுமாறுவார்கள். பக் சொந்தப் பகுதியின் எல்லையான நீல நிறக் கோட்டைத் தாண்டவில்லை என்றால் பயிற்சியாளர் அவனை அடுத்த முறை இறக்கத் தயங்குவார். என்எச்எல்லில் அந்த நம்பிக்கை இல்லாமல் கோல் அடிக்க வாய்ப்பே வராது.

இரண்டாவது, தாக்கும்போது மூன்றாவதாக நிற்கும் ஃபார்வர்ட். இரண்டு பேர் பக்கைத் துரத்தி மூலைக்குப் போனால், மூன்றாமவன் மேலே நின்று காக்க வேண்டும். கோல் பசியில் அவனும் இறங்கிவிட்டால் எதிரணி மூன்றுக்கு இரண்டு என்று திரும்பி வரும். யார் நிற்கிறான், யார் இறங்குகிறான் என்று பத்து ஆட்டம் கவனித்தால் உனக்கே புரிந்துவிடும். அப்புறம் பவர் ப்ளே (எதிரணியில் ஒருவர் தண்டனையில் வெளியே இருக்கும் நேரம்) புள்ளிகளைத் தனியாகக் கழித்துப் பார். இங்கே முதல் பவர் ப்ளே குழுவில் ஆடும் பையனுக்கு மேலே என்எச்எல்லுக்குப் போனால் அந்த இடம் பெரும்பாலும் கிடைக்காது. ஐந்துக்கு ஐந்தில் என்ன செய்தான் என்பதே கூடப் போகும் சரக்கு.

கேள்வி (லண்டன்): மேலே நான்காவது வரிசையில் உட்கார வைப்பதைவிட, கீழே முதல் வரிசையில் ஆட விடுவது நல்லதா?

இருபது வயதுக்காரனுக்கு, பெரும்பாலும் ஆமாம். நான்காவது வரிசையில், அதாவது மூன்று ஃபார்வர்ட்கள் கொண்ட கடைசிக் குழுவில், ஆட்டத்துக்கு ஏழெட்டு நிமிடம்தான் கிடைக்கும். ஒரு தப்பு செய்தால் பெஞ்சு. இங்கே பதினெட்டு நிமிடம் ஆடலாம், தப்பு செய்துவிட்டு அடுத்த முறையே இறங்கித் திருத்தலாம். டாம்பாவில் ஆடிய டைலர் ஜான்சன் டிராஃப்ட்டில் யாரும் எடுக்காதவர், ஒண்ட்ரெஜ் பலாட் 208ஆவது ஆள். இருவரும் 2012இல் பயிற்சியாளர் ஜான் கூப்பர் தலைமையில், அப்போது டாம்பாவின் ஏஎச்எல் அணியாக இருந்த நார்ஃபோக்கில் தொடர்ந்து 28 ஆட்டங்கள் வென்று ஏஎச்எல்லின் கால்டர் கோப்பை எடுத்த அணியில் இருந்தார்கள். அடுத்த சீசனில் சிராக்யூஸில். பெரிய ஆட்டங்களில் பெரிய பொறுப்பு அவர்களுக்குக் கீழேயே கிடைத்துவிட்டது. மேலே போனபோது தயாராக இருந்தார்கள்.

கேள்வி (சிங்கப்பூர்): ஸ்கேட்டிங் மெதுவான பையனுக்கு எதிர்காலம் உண்டா?

உண்டு. ஜேசன் ராபர்ட்சனை 2017இல் 39ஆவதாக எடுத்தபோது இதே குறைதான் சொன்னார்கள். டல்லாஸின் ஏஎச்எல் அணியான டெக்சஸ் ஸ்டார்ஸில் ஒரு முழு சீசன், 60 ஆட்டங்களில் 25 கோல். டல்லாஸுக்குப் போய் 2022-23இல் 109 புள்ளி. அவர் மின்னல் ஆகவில்லை. எங்கே நின்றால் பக் வரும் என்று முன்பே படிப்பார். முதல் மூன்று அடிகளின் வேகத்தைப் பயிற்சியில் கூட்டலாம். ஆட்டத்தைப் படிக்கும் கண் இருந்தால் அந்த அளவே போதும்.

கேள்வி (மதுரை): விங்கிலிருந்து சென்டருக்கு மாற்றினால் பையன் குழம்ப மாட்டானா?

பெரும்பாலும் எதிர்த்திசையில்தான் மாற்றுவார்கள், ஏனென்றால் சென்டருக்குத் தற்காப்பு வேலை அதிகம். ஆனால் டேஜ் தாம்ப்சனைப் பாருங்கள். பஃபலோவில் விங்கராகத் திணறி, அதன் ஏஎச்எல் அணியான ராச்செஸ்டருக்கு இறங்கி, தோள்பட்டை அறுவை சிகிச்சையில் ஒரு சீசனின் பெரும்பகுதியை இழந்தவர். 2021-22இல் பயிற்சியாளர் டான் கிரனாட்டோ அவரைச் சென்டரில் நிறுத்தினார். முந்தைய சீசனில் 8 கோல், அந்த சீசனில் 38, அடுத்ததில் 47. ஆறரை அடி உடம்புக்குப் பலகையோரம் இடம் போதவில்லை, நடு ஐஸில் வேகம் எடுக்க இடம் கிடைத்தது.

கேள்வி (ஸ்கார்பரோ, ஒரு தாய்): என் மகனுக்கு 15 வயது. ஜூனியர் லீக்குக்குப் போனால் கல்லூரி வழி அடைபட்டுவிடும் என்று முன்பு சொன்னார்கள். இப்போதும் அப்படித்தானா?

இல்லை அக்கா, அது மாறிவிட்டது. ஒன்டாரியோ ஹாக்கி லீக் (ஓஎச்எல்) போன்ற, சிஎச்எல் என்ற கனடிய ஜூனியர் அமைப்பின் லீக்குகளில் ஆடியவர்களும் 2025 ஆகஸ்ட் முதல் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கியில் ஆடலாம். இதனால் அவசரம் குறைகிறது. உடம்பு தாமதமாக வளரும் பையன் ஜூனியர் முடித்து, கல்லூரியில் இரண்டு மூன்று வருடம் எடை ஏற்றிவிட்டு வரலாம். கல்லூரியில் ஆட்டங்கள் குறைவு, எடைப் பயிற்சிக்கு நாட்கள் அதிகம். படிப்பும் கையில் இருக்கும். பதினைந்து வயதில் எந்த லீக் என்பதைவிட, அவன் எந்த அணியில் நிறைய நேரம் ஐஸில் இருப்பான் என்பதைப் பார்த்து முடிவெடுங்கள்.

கேள்வி (சிராக்யூஸ், சக ரசிகர்): மூன்றாவது வருடமும் இங்கேயே இருக்கிறான், 23 வயது. முடிந்ததா?

ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பது உண்மை. பதினெட்டு வயதில் ஒப்பந்தம் போட்டவனை ஐந்து வருடம் அல்லது 160 என்எச்எல் ஆட்டங்கள் வரை தடையின்றி மேலும் கீழும் அனுப்பலாம். அதன்பின் கீழே அனுப்ப வேண்டுமானால் வேவர்ஸ் பட்டியலில் போட வேண்டும், வேறு அணி எடுத்துக்கொள்ளலாம். அதனால் அந்தச் சமயத்தில் அணி ஒரு முடிவுக்கு வந்தே தீரும். ஆனால் வெர்ஹேகி 82 புள்ளி எடுத்த அந்த சீசன் முழுவதும் அவருக்கு வயது 23. நீங்கள் சொல்லும் பையனை இந்த வாரம் பெனால்டி கில்லில் (தண்டனையால் ஓர் ஆள் குறைவாக ஆடும் நேரத்தில்) இறக்கினார்களா என்று பாருங்கள். ஆட்டம் ஒரு கோல் வித்தியாசத்தில் இருக்க, கடைசி இரண்டு நிமிடத்தில் அவன் ஐஸில் இருந்தால் இங்கிருக்கும் பயிற்சியாளர் அவனை நம்புகிறார். மேலேயிருந்து தொலைபேசி வந்தால் அவர் முதலில் சொல்லும் பெயர் அவனுடையதாக இருக்கும்.