அம்மாவின் காணிக்கையும் ஆதிச் சபையும்

கேள்வி: திருச்சபை வரலாறு படிக்கப் படிக்க, இன்றைய கிறிஸ்தவத்துக்கும் முதல் நூற்றாண்டு விசுவாசத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றுகிறது. கிறிஸ்துமஸ், தசமபாகம், பெரிய ஆலயங்கள் எதுவும் அப்போஸ்தலர் காலத்தில் இல்லை. நான் சபைக்குப் போவதை விட்டுவிட்டேன். அப்பா இறந்தபின் அம்மாவுக்கு மாதாமாதம் பணம் கொடுத்துவந்தேன். அவர் அதில் ஒரு பகுதியைக் காணிக்கைப் பெட்டியில் போடுவதால் அதையும் நிறுத்திவிட்டேன். ஆதி விசுவாசத்தைக் குடும்பத்துக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அம்மாவைப் பற்றிப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

வரலாற்றில் நீங்கள் சொல்வது பெரும்பாலும் சரி. டிசம்பர் 25 கிறிஸ்து பிறப்பு நாளாக ரோமில் பதிவானது நான்காம் நூற்றாண்டில்தான். ஞாயிறை ஓய்வுநாளாக்கி ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சட்டம் போட்டது கி.பி. 321-ல். முதல் விசுவாசிகள் வீடுகளில் கூடினார்கள். பவுலும் கொரிந்தியருக்குப் பத்தில் ஒன்று என்று கணக்குச் சொல்லவில்லை, அவரவர் மனதில் தீர்மானித்தபடி கொடுக்கச் சொன்னார். சரி, இவ்வளவு படித்த உங்களுக்கு, அந்த மக்கள் பணத்தை என்ன செய்தார்கள் என்பது மட்டும் எப்படிக் கண்ணில் படாமல் போனது?

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேம் சபையில் முணுமுணுப்பு கிளம்புகிறது. எதற்கு? கிரேக்கு மொழி பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போனார்கள் என்பதற்கு. அதைச் சரிசெய்யவே ஏழு பேரை நியமித்தார்கள். சுமார் கி.பி. 155-ல் ரோமில் ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ ஆசிரியர் எழுதியதைப் பாருங்கள்: ஞாயிறு கூடுகையில் சேர்ந்த பணம் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் கிடந்தவர்களுக்கும் போனது. பிள்ளைகள் உள்ள விதவையை முதலில் அந்தப் பிள்ளைகளே தாங்க வேண்டும் என்று தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. தன் வீட்டாரைக் கவனிக்காதவன் விசுவாசத்தையே மறுதலித்தவன் என்றும் அதே அதிகாரம் சொல்கிறது.

உங்கள் அம்மா விதவை. நீங்கள் அவருடைய பிள்ளை.

மாற்கு ஏழாம் அதிகாரமும் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெற்றோருக்குச் சேரவேண்டியதைக் கொர்பான் என்று சொல்லி, கடவுளுக்கு ஒதுக்கியாயிற்று என்று கைவிரித்தவர்களை இயேசு கடுமையாகக் கண்டித்தார். அவர்கள் காணிக்கையைக் காட்டிக் கொடுக்க மறுத்தார்கள், நீங்கள் காணிக்கை தவறு என்று காட்டி மறுக்கிறீர்கள். இரண்டு வீட்டிலும் தாயின் கை காலிதான். அதைச் செய்துவிட்டு ஆதி விசுவாசம் என்று பேச உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கொடுத்த பிறகு அது அம்மாவின் பணம். பெற்றவளிடம் கணக்குக் கேட்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கணவர் போன பிறகு, யாரையும் கேட்காமல் அவர் செய்துவந்த காரியம் ஒருவேளை அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும்: நோட்டை மடித்துக் கவரில் வைத்து, எழுந்து போய்ப் பெட்டியில் போடுவது.

இந்த வாரமே போங்கள். நிறுத்திய மாதங்களுக்கும் சேர்த்துக் கொடுங்கள். மன்னிப்புக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடன் சபை வாசல்வரை நடந்து போங்கள், உள்ளே போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். அப்புறம் ஒருநாள், அவர் பணம் போடுகிற ஊழியரைப் பற்றி நிஜமாகவே சந்தேகம் இருந்தால், திடாகே என்ற பழைய போதனை நூலை அவருடன் உட்கார்ந்து வாசியுங்கள். தனக்கென்று பணம் கேட்கிறவன் கள்ளத் தீர்க்கதரிசி, இல்லாதவர்களுக்காகக் கேட்டால் யாரும் அவனைக் குறை சொல்லக் கூடாது என்கிறது அது. எந்த ஊழியர் எந்த வகை என்று அம்மாவே முடிவு செய்யட்டும்.