அப்பாவின் கேசட்டுகளை இணையத்தில் ஏற்றலாமா?

வணக்கம் சகோதரி. மலேசியாவின் பட்டர்வொர்த் வீட்டில் அப்பா விட்டுச்சென்ற கேசட்டுகளையும் பழைய நாவல்களையும் இணையத்தில் ஏற்றி எல்லோருக்கும் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், எதையும் உடனே ஓடவிடாதீர்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதைத் தனியே வையுங்கள். பிளேயரில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். நல்லவற்றை முன்னும் பின்னும் ஒருமுறை முழுதாகச் சுற்றிவிட்டு, பிளேயரிலிருந்து கணினிக்கு ஒயர் கொடுத்து ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதியுங்கள், அது இலவசம். 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் உட்காரத்தான் வேண்டும். சுருக்காத ஒலிக்கோப்பான வேவ் சுமார் 600 எம்பி வரும். அதை ஃபிளாக் என்ற வடிவத்துக்கு மாற்றினால் தரம் குறையாமல் அளவு நன்றாகக் குறையும்.

பகிர்வதுதான் சிக்கல். மலேசியாவின் 1987 பதிப்புரிமைச் சட்டப்படி நூலுக்கு ஆசிரியர் ஆயுளும் அதன்பின் 50 ஆண்டும் உரிமை இருக்கும். ஒலிப்பதிவுக்கு வெளியானதிலிருந்து 50 ஆண்டு. பாட்டை எழுதியவர், இசையமைத்தவர் உரிமை வேறு தனி. அதனால் எண்பதுகளின் சினிமா கேசட்டுகளை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் மட்டும் போடலாம்: பாடகர், ஆண்டு, அப்பா எந்தக் கடையில் வாங்கினார். எனக்கு அந்தக் கடைசி விவரம்தான் படிக்கப் பிடிக்கும்.

அப்புறம், பினாங்கு தண்ணீர்மலைத் தைப்பூசத்தில் அப்பாவே பதிந்த காவடிச் சத்தம் இரண்டு கேசட் இருக்கிறது என்றீர்களே, அதை இந்த வாரமே கணினியில் பதிந்துவிடுங்கள். கடையில் விற்றது வேறு யாரிடமாவது கிடைக்கும், இது கிடைக்காது.