கானாவில் வாக்கு எண்ணியவர்கள்

அன்புள்ள ஐயா,

வேலைக்காக அக்ரா போகிறேன். கானாவின் அரசியலை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்? ராலிங்ஸ் என்ற கண்டிப்பான சர்வாதிகாரி கிடைத்ததால்தான் அங்கே ஜனநாயகம் நிலைத்தது என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா?

கே.

அன்புள்ள கே.,

விடுதலைக்குத் தலைமை தாங்கிய என்க்ருமாவிலிருந்து தொடங்குங்கள். 1957 விடுதலையையும், 1964ல் அவரே கொண்டுவந்த ஒற்றைக்கட்சி ஆட்சியையும் சேர்த்துப் படியுங்கள். இப்போதைக்கு அது போதும்.

உங்கள் நண்பர்களின் பேச்சுதான் எரிச்சலூட்டுகிறது. கொஞ்ச நாளாக இதே பேச்சைப் பல இடங்களில் கேட்டு மனம் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். 1981 டிசம்பர் 31 அன்று ராலிங்ஸ் கவிழ்த்தது, மக்கள் தேர்ந்தெடுத்த லிமானின் அரசைத்தான். 2001ல் தன் கட்சி தோற்றதும் ஆட்சியை ஒப்படைத்தார், நல்லது. அதற்காக ஜனநாயகத்தைக் கட்டியவர் என்று அவரைச் சொல்வதா?

கட்டியவர்கள் வேறு. 1992ல் அதிபர் தேர்தலில் மோசடி என்று சொல்லி எதிர்க்கட்சிகள் நாடாளுமன்றத் தேர்தலையே புறக்கணித்தன. பல நாடுகளில் கதை அங்கேயே முடிந்திருக்கும். இங்கே 1994ல் கட்சிகளையும் தேர்தல் ஆணையத்தையும் ஒன்றாக உட்காரவைக்க ஓர் ஆலோசனைக் குழு அமைந்தது. 1996ல் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற வாக்குப்பெட்டி வந்தது. வாக்குச்சாவடியிலேயே கட்சி முகவர்கள் முன்னால் எண்ணினார்கள். முகவர்கள் கையெழுத்துப் போடும் முடிவுத் தாளை அங்கே ‘பிங்க் ஷீட்’ என்பார்கள். எனக்கு அந்தத் தாள்தான் முக்கியம், எந்தத் தலைவரும் அல்ல.

2008 அதிபர் தேர்தலில் ஏறக்குறைய 90 லட்சம் வாக்குகளில் சுமார் 40 ஆயிரம்தான் வித்தியாசம். டெயின் என்ற ஒரு தொகுதி 2009 ஜனவரி 2 அன்று வாக்களிக்கும்வரை நாடே காத்திருந்தது. ஆளுங்கட்சி தோற்றது, விலகியது. 2012 அதிபர் தேர்தலில் தோற்ற எதிர்க்கட்சி வேட்பாளர் அகுஃபோ-அட்டோ உச்ச நீதிமன்றம் போனார். விசாரணை தொலைக்காட்சியில் நேரடியாக ஓடியது, மாதக்கணக்கில் பிங்க் ஷீட்களைப் பற்றியே வாதம். வழக்கிலும் தோற்றவர், தீர்ப்பில் தனக்கு உடன்பாடில்லை என்று சொல்லிக்கொண்டே அதை ஏற்றார். 2016ல் வென்றார்.

எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. 2020 தேர்தலில் டெச்சிமானில் உயிர்கள் போயின. ஆனாலும் ராத்திரி முழுக்கக் கண்விழித்து எண்ணிக்கையைக் காத்த ஆயிரக்கணக்கானவர்களின் உழைப்பைத் தூக்கி ஒரு ராணுவ அதிகாரியின் மடியில் வைக்காதீர்கள், தம்பி. இந்த வயதில் இப்படிப் பெரிய மனிதரைத் தேடி அலைவது உங்களுக்கு நல்லதல்ல.

அக்ராவில் உங்களோடு வேலை செய்பவர்களில் ஐம்பதைத் தாண்டிய யாராவது அந்த 1996 தேர்தலில் முகவராக உட்கார்ந்திருக்கலாம். அவரிடம் பேசுங்கள், அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.