கேளுங்கோ, சொல்லுறம்: சிமுலேசன்ல சரி, போர்ட்ல ஏன் பிழையாகுது?

கேள்வி: அண்ணை, கொக்குவில்ல இருந்து எழுதுறன், கம்பஸ் கிளிநொச்சி அறிவியல் நகர்ல. மெமரியில கிடக்கிற 1024 எண்ணுகளை (எல்லாம் 32 பிட்) கூட்டிக் கூட்டி ஒவ்வொரு கிளொக் துடிப்புக்கும் 97ஆல பிரிச்ச மிச்சத்தை எடுக்கிற மாதிரி வேரிலொக்ல (சேர்க்கிட்டை எழுதிற மொழி) எழுதினன். சிமுலேசன்ல விடை சரி. எஃப்.பி.ஜி.ஏ (நாங்கள் எழுதிற சேர்க்கிட்டா மாத்தக்கூடிய சிப்) போர்ட்ல ஏத்தினால் விடை பிழை. கிளொக் 100 மெகாஹேர்ட்ஸ். விவாடோ (சிப்புக்கு டிசைன் செய்யிற சொஃப்ட்வெயர்) −24 நனோ செக்கன் ஸ்லாக் (மிஞ்சுற நேரம், மைனஸ் எண்டால் நேரம் காணாது) எண்டு சிவப்பில காட்டுது. ஃபோல்ஸ் பாத் எண்டு போட்டுவிட்டால் சிவப்பு போயிடும் எண்டு கூட்டாளி சொல்லுறான், போடட்டோ?

பதில்: போடாதேங்கோ தம்பி. போட்டால் சிவப்பு போகும், ஓம், ஆனா சேர்க்கிட் அப்பிடியே தான் இருக்கும், அந்தப் பாதையைப் பாக்காதை எண்டு விவாடோவின்ர கண்ணைக் கட்டிவிட்டது மட்டும்தான் மிச்சம்.

நீங்கள் ஓட்டின சிமுலேசன்ல கேட்டுகளுக்கு டிலேயே இல்லை, கூட்டல் பிரித்தல் எல்லாம் கண் மூடி முழிக்க முதல் முடிஞ்சிடும், அதால அங்க பிழை வராது. விவாடோ சிவப்பு காட்டின ரைமிங் அனலிசிஸ் வேற சாதி: அது இன்புட் ஒண்டும் குடுத்துப் பாக்கிறேல்ல, ஒரு ஃபிளிப் ஃபுளொப்ல (ஒரு பிட்டை வைச்சிருக்கிற இடம்) இருந்து அடுத்ததுக்குப் போற ஒவ்வொரு பாதையிலயும் லொஜிக் டிலே, வயர் டிலே, கடைசியில செற்றப் ரைம் (கிளொக் அடிக்க முதல் டேட்டா அசையாம நிக்கவேண்டிய நேரம்) எல்லாத்தையும் கூட்டி கிளொக் பீரியட்டோட ஒப்பிடுது. உங்கட பீரியட் 10 நனோ செக்கன், ஸ்லாக் −24, அப்ப அந்தப் பாதைக்கு 34 வேணும், 29 மெகாஹேர்ட்ஸ் அளவிலதான் நம்பி ஓட்டலாம். −0.1 எண்டு வந்திருந்தால் உங்கட மேசையில ஒருவேளை ஓடியுமிருக்கும், ஏனெண்டால் அந்தக் கணக்கு மெதுவான சிப், கூடின சூடு, குறைஞ்ச வோல்ட்டேஜ் எண்டு மோசமான நிலைக்குப் போடுறது. −24க்கு அந்தச் சாட்டெல்லாம் செல்லாது.

குற்றவாளி மிச்சம் எடுக்கிற அந்த % தான். ஒரு வரியில எழுதிறது லேசு, ஆனா உள்ளுக்க கழித்தலுக்குப் பின்னால கழித்தல் எண்டு இருபதுக்கு மேல அடுக்கிக் கிடக்கும், எல்லாம் ஒரே கிளொக்குக்க முடியவேணும். ரைமிங் றிப்போட்ல முதலாவது பாதையைத் திறந்து லொஜிக் லெவல் (ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வாற லொஜிக் அடுக்கு) எத்தினை எண்டு பாருங்கோ, விளங்கும்.

ஆனா ஒவ்வொரு தரமும் மிச்சம் எடுக்கத் தேவையே இல்லையே! எல்லாத்தையும் கூட்டிப்போட்டுக் கடைசியில ஒருக்கா எடுத்தாலும் அதே விடைதான். 1024 எண்ணுக்கு 42 பிட் ரெஜிஸ்டர் காணும், 42 பிட் கூட்டல் 10 நனோ செக்கனுக்க சும்மா முடியும். கடைசி மிச்சத்தை ஒரு கிளொக்குக்கு ஒரு பிட் எண்டு பிரிச்சு எடுங்கோ, 42 கிளொக், அதாவது 420 நனோ செக்கன். ஆருக்கு அவசரம்?

கேள்வி: எனக்கு ஹோல்ட் வயலேசன் வருது அண்ணை. கிளொக்கைக் குறைச்சால் போகுமோ? (சாவகச்சேரி வாசகி)

பதில்: போகாது தங்கச்சி. ஹோல்ட் எண்டுறது டேட்டா வேளைக்கே வந்து பழையதை அழிக்கிற பிரச்சினை, அந்தக் கணக்கில பீரியட் வாறதே இல்லை, 1 மெகாஹேர்ட்ஸ்லயும் அதே பிழைதான். எஃப்.பி.ஜி.ஏயில இதைப் பெரும்பாலும் ரவுட்டிங் (விவாடோ வயர் போடுற வேலை) பாத்துக்கொள்ளும். அதையும் மீறி வருதெண்டால், கவுண்டர்ல ஒரு பிட்டை எடுத்து அதையே கிளொக்கா வேற இடத்துக்குக் குடுத்திருக்கிறீங்களோ எண்டு முதல்ல தேடுங்கோ. அப்பிடியெண்டால் அதைக் கழட்டிப்போட்டு எல்லா ஃபிளிப் ஃபுளொப்புக்கும் ஒரே கிளொக்கைக் குடுத்து, கிளொக் எனேபிளால (எந்தத் துடிப்பில மாறலாம் எண்டு சொல்லுற சிக்னல்) மெதுவாக்குங்கோ.