பல்பு எரிந்தால் எர்த் சரியாக இருக்கிறது என்று பொருளா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் பழைய தனி வீட்டில், கீசரின் குழாயைத் தொட்டால் சில நாட்களாக லேசாக ஷாக் அடிக்கிறது. வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், பிளக்கில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே ஒரு பல்பை எரியவைத்துக் காட்டி, எர்த் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். இன்னொருவரோ புதிதாக எர்த் போட வேண்டும் என்கிறார். கடையில் 3 மீட்டர் செம்புப் பூச்சுக் கம்பியையும், ‘கெமிக்கல் எர்த்திங்’ என்று அதைவிட விலை கூடிய ஒன்றையும் காட்டுகிறார்கள். எங்கள் இடத்தில் ஐந்தாறு அடி தோண்டினாலே பாறை. எதை வாங்குவது?

பதில்: எதையும் வாங்குவதற்கு முன், கீசரின் இணைப்பை இன்றே துண்டித்துவிடுங்கள். ஷாக் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் கீசருக்குள் மின்கசிவு இருக்கும். அந்தக் கசிவை மண்ணுக்குள் இறக்க வேண்டிய எர்த், அதை முழுமையாக வாங்கிக்கொள்ளவில்லை. புதிய கம்பி இரண்டாவது குறையைத்தான் தீர்க்கும், கீசரைத் தனியே பழுது பார்த்தாக வேண்டும்.

பல்புச் சோதனையை நம்ப வேண்டாம். 100 வாட் பல்புக்கு 0.43 ஆம்பியர் போதும் என்பதால், எர்த்தின் மின்தடை 50 ஓம் என்ற மோசமான நிலையில் இருந்தாலும் ஏறக்குறைய 20 வோல்ட் மட்டுமே குறைந்து, பல்பு பளிச்சென்று எரியும். அதே 50 ஓம் எர்த்தில், பேஸ் கம்பி கீசரின் உடலைத் தொட்டுவிட்டால் பாயும் மின்சாரம் 4.6 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் எம்சிபி (மின்சாரம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) அசையாது, கீசரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். இதைவிட ஆபத்தான ஒன்றும் உண்டு: பிளக்கின் உள்ளே நியூட்ரலையும் எர்த்தையும் யாரேனும் சேர்த்து முறுக்கியிருந்தால், மண்ணில் கம்பியே இல்லாவிட்டாலும் அந்தப் பல்பு எரியும். ஆகவே எர்த் டெஸ்டர் கருவியை வைத்து, ஓம் அளவைக் கண்ணெதிரே காட்டுபவரையே அழையுங்கள். பழைய எர்த் குழியில் இணைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்திருப்பதே காரணமாக இருந்தால், உங்களுக்குப் புதிய கம்பியே தேவைப்படாமலும் போகலாம்.

தேவைப்பட்டால், செம்புப் பூச்சுக் கம்பியே போதும். பூச்சின் தடிமன் 250 மைக்ரான் என்று எழுத்தில் தரச் சொல்லுங்கள். செம்பு நிறம் மட்டும் ஏறிய மெல்லிய பூச்சு கம்பியை அடிக்கும்போதே உரிந்து, உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். ‘கெமிக்கல்’ என்பது பெரும்பாலும் ஈரத்தைப் பிடித்து வைக்கும் பென்டோனைட் போன்ற நிரப்புப் பொருள்தான். வறண்ட மண்ணில் அது பயன் தரும், ஆனால் அந்தப் பெயருக்காகவே இருமடங்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. உப்பும் கரியும் போடும் பழைய முறை மலிவு. உப்பு நாளடைவில் உலோகத்தை அரிக்கும்.

பாறைதான் உங்கள் உண்மையான சிக்கல். லால்பாக்கில் வெளியே தெரியும் அதே பாறை இந்நகரின் பல இடங்களில் தரைக்குச் சற்றுக் கீழேயே கிடக்கிறது. பாறை தட்டியதும் கம்பியை அறுத்து மிச்சத்தைக் குழியில் புதைத்து மூடிவிடும் பழக்கத்தை மட்டும் அனுமதிக்காதீர்கள். செங்குத்திலிருந்து 30 பாகை வரை சாய்த்து இறக்கலாம். அல்லது இரண்டு கம்பிகளை, இடையே குறைந்தது ஒரு கம்பியின் நீளம் விட்டு, இணைத்துப் போடலாம். இந்தியத் தர விதியான ஐஎஸ் 3043-இன்படி, குழி கட்டடத்திலிருந்து குறைந்தது 1.5 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தோண்டும் முன், சம்ப், கழிவுநீர்க் குழாய், எரிவாயுக் குழாய், மீட்டருக்கு வரும் கேபிள் ஆகியவை எங்கே செல்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய எர்த்தைக் கழற்றும்போது மெயின் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். வேலையை உரிமம் பெற்றவரிடமே கொடுங்கள்.

எவ்வளவு நல்ல எர்த்தாக இருந்தாலும், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவை உணர்ந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றையும் மெயின் பெட்டியில் பொருத்தச் சொல்லுங்கள். மேலே சொன்ன 4.6 ஆம்பியரை எம்சிபி கண்டுகொள்ளாது, ஆர்சிசிபி உடனே துண்டித்துவிடும். அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள். கடைசித் தவணைப் பணத்தை, அளந்த ஓம் மதிப்பைத் தேதியுடன் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே கொடுங்கள். அது 5 ஓமுக்குள் இருந்தால் நல்லது.