தரை என்ன தப்பு செய்தது?

கேள்வி: என் மகனுக்கு நாலு வயது, எல்கேஜி படிக்கிறான். கோபம் வந்தால் பக்கத்துப் பிள்ளையை அடிக்கிறான், கடிக்கிறான். மிஸ் இரண்டு முறை டைரியில் எழுதி அனுப்பிவிட்டார். வீட்டிலும் யாருக்கும் அடங்குவதில்லை. கீழே விழுந்து அழுதால் மட்டும், மாமியார் தரையை அடித்துக் காட்டியதும் அழுகையை நிறுத்திவிடுவான். கோபத்தை அடக்கச் சொல்லித்தரும் வகுப்பு எதிலாவது சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வகுப்புதான் உங்கள் வீட்டு ஹாலிலேயே நடக்கிறதே அம்மா!

பையன் கால் தடுக்கி விழுகிறான். முட்டி சிராய்ந்து எரிகிறது. அதை யாரும் பார்க்கவில்லை. "என் தங்கத்தையா தள்ளிவிட்டே?" என்று பாட்டி தரையில் ரெண்டு போடுகிறார். அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஓர் அடி போடுகிறான். வலித்தால் அதற்கு யாரோ காரணம், அவரை அடித்தால் சரியாகிவிடும் என்று நடக்கப் பழகிய நாளிலிருந்து படிக்கிறான். இன்று கிரேயானைப் பிடுங்கிய பிள்ளை அவனுக்குத் தரை.

உடனே மாமியார் மேல் பாயாதீர்கள். சத்தம் அடங்கியதே என்று அடுக்களையில் நிம்மதியாக இருந்தது நீங்கள்தானே?

அடுத்த முறை விழுந்தால் பக்கத்தில் போய் உட்காருங்கள். "எங்கடா எரியுது?" என்று கேட்டு, கழுவிவிட்டு, அவனையே ஊதச் சொல்லுங்கள். ஊதும்போது மூச்சு நீளமாக வெளியே போகும், படபடப்பு குறையும். கோபத்துக்கும் அதே ஊதல்தான். ஆனால் கத்தி உருளும்போது எந்தப் பாடமும் ஏறாது. காலையில் சூடான இட்லியை வைத்துக்கொண்டு பழக்குங்கள்.

வெறுமனே 'அடக்கிக்கோ' என்றால் அந்த வயதுக்குப் புரியாது. 1960களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் பிள்ளைகள் முன் தின்பண்டத்தை வைத்து, பொறுத்திருந்தால் இன்னொன்று கிடைக்கும் என்றார். பொறுத்த பிள்ளைகளில் பலர் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள், பாட்டுப் பாடினார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். உங்கள் மகனிடம் கையை ஓங்குவதைத் தவிர வேறு வித்தை இல்லை.

கடிதத்தில் உங்கள் கணவரைத் தேடிப் பார்த்தேன், காணோம். "தரையை அடிக்காதேம்மா" என்று சொல்ல வேண்டியவர் அவர். மருமகள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

கடி வாங்கிய பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி இல்லை. திங்கட்கிழமை வேனில் ஏற்றிவிடாமல் நீங்களே கூட்டிப்போங்கள். "இன்னும் வலிக்குதா?" என்று அந்தப் பிள்ளையிடம் இவன் வாயால் கேட்கட்டும்.